எழுதி வைக்கக் கூடாத நேரம்

எகிப்தின் தந்தா நகரத்து மொத்தக் காய்கறிச் சந்தையில் எழுதாமல் எதுவும் நடக்காது. உருளைக்கிழங்கு மூட்டை உள்ளே வர ஒரு சீட்டு, வெளியே போக ஒரு சீட்டு. சீட்டு தொலைந்தால், தொலைந்துவிட்டது என்பதற்கு இன்னொரு சீட்டு. சந்தைக் கமிட்டித் தலைவர் ஹாஜ் ஷவ்கத் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். வீட்டில் மனைவியிடம் தண்ணீர் கேட்பதாக இருந்தாலும் எழுதி முத்திரை குத்தித்தான் கேட்பார் என்று சுமைதூக்கிகள் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ரமளான் மாதம் முழுக்கச் சந்தை வாசலில் கமிட்டி செலவில் நீள மேசை போடுவார்கள். லாரிக்காரர், கூலிக்காரர், வழிப்போக்கர் யாராக இருந்தாலும் உட்கார்ந்து நோன்பு திறந்து சாப்பிட்டுப் போகலாம். அந்த வருஷம் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மின்பலகையும் வைத்தார்கள். நோன்பு திறக்கும் நேரத்தை அது காட்டும். நேரம் வந்ததும் ஒலிபெருக்கியில் தானே பாங்கு சொல்லும். அதற்கு நிரல் எழுதியவர்கள் இரண்டு பேர். மொந்தசர், நெற்றியில் தொழுகைத் தழும்போடு இருக்கிறவர், ரயில் நிலையத்துக்குப் பின்னால் மொபைல் கடைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன ஆபீஸின் சொந்தக்காரர். தெம்யானா, அவரிடம் வேலை பார்க்கும் பெண். அவள் கிறிஸ்தவள், பெயரைக் கேட்டாலே அந்த ஊரில் தெரிந்துவிடும். ரமளான் நோன்பு நேரத்தைக் கணக்கிடும் நிரலை ஒரு தெம்யானா எழுதினாள் என்பது ஹாஜுக்குத் தெரியும். கமிட்டியில் மற்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் கருவிக்கு ஒரு குணம் உண்டு. நிரலில் 'இடம்' என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது கேள்விகளின் பட்டியல், எழுதி, அதில் பெயரைக் கேட்க ஒரு மெத்தட், இருக்கைகளைக் கேட்க ஒரு மெத்தட் என்று போட்டால் போதும். கருவி ஒவ்வொரு மெத்தடையும் பார்த்து டேட்டாபேஸ் அட்டவணையில் தானே ஒரு நெடுவரிசை திறந்து, பதிலைப் பதிந்து வைத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் அது அடுக்குமாடி வாசற்காவலன் ஒருவன், படியேறுகிறவர்களை எல்லாம் குடித்தனக்காரர் என்று பதிந்துகொள்வதைப் போன்றது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனுக்கும் ஒரு வீட்டு எண் கொடுத்துவிடுவான். 'இவர் வந்துபோகிறவர், பதியாதே' என்று நாம்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு மெத்தடின் தலையில் ஒரு சின்ன விலக்குக் குறி போடுவார்கள்.

நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் மெத்தடின் தலையில் தெம்யானா அந்தக் குறியைப் போட்டிருந்தாள். அந்த நேரம் எங்கேயும் தங்கக் கூடாது. கேட்கும்போதெல்லாம் அன்றைய தேதியை வைத்துப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒருமுறை பதிந்துவிட்டால் கருவி அப்புறம் கணக்கே போடாது, பதிந்ததைத்தான் ஒப்பிக்கும்.

ரமளானுக்கு முந்தின நாள் ஹாஜ் பார்வையிட வந்தார். லேப்டாப்பில் அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனார். கடைசிக் கட்டத்தைத் தாண்டியும் விரல் போயிற்று.

"நேரம் எங்க எழுதியிருக்கு?"

"அத எழுதறதில்ல ஹாஜ்," என்றாள் தெம்யானா. "ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுச் சொல்லும்."

"எழுதலையா? நாற்காலிக்கு ஒரு கட்டம் இருக்கு. சமையல்காரனுக்கு ஒரு கட்டம் இருக்கு. அல்லாஹ்வோட நேரத்துக்கு ஒரு கட்டம் போட உங்களுக்கு மனசு வரலையா?"

"சூரியன் தினமும் ஒரே நேரத்துக்கா போகுது ஹாஜ்?"

"அது போகட்டும். நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா நான் எதக் காட்டுவேன், சூரியனையா? எழுதின நேரம் வேணும் பாஷ்முஹந்திஸ். இல்லாட்டி கையெழுத்து கிடையாது."

கடைசி வாக்கியத்தை மொந்தசரைப் பார்த்துச் சொன்னார். அந்த ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் எல்லாரும் பாஷ்முஹந்திஸ்தான், பெரிய இன்ஜினியர்தான். ஆனால் கையெழுத்து என்று வந்தால் சந்தைக்காரர்களுக்கு ஆள் தெரியும். மொந்தசர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெம்யானா, நீ போய் அந்த ஸ்பீக்கர் வயரப் பாரு. இங்க நான் பாத்துக்கறேன்."

அவள் வயரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஹாஜ் முத்திரையை ஊதி ஊதிக் குத்திக்கொண்டிருந்தார். என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். சும்மா பேசிச் சமாளித்தேன் என்றார் மொந்தசர். குறியை எடுத்துவிட்டுக் கருவியை மறுபடி ஓடவிட்டார் என்பதைச் சொல்லவில்லை. அட்டவணையில் புது நெடுவரிசை ஒன்று முளைத்து, நோன்பு திறக்கும் நேரம் அதில் அழகாக உட்கார்ந்திருந்தது. அடுத்த நோன்பு மறுநாள்தான் என்பதால் அது முதல் நாளைய நேரம். சரியான நேரமும்கூட.

முதல் நாள் பலகை பாங்கு சொன்னபோது பள்ளிவாசல் பாங்கும் அதோடு சேர்ந்து கேட்டது. சந்தையே கைதட்டியது. ரமளானில் நிரலைத் தொடுவதில்லை என்பது ஆபீஸ் வழக்கம். ஆகவே யாரும் தொடவில்லை.

வசந்த காலம். சூரியன் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்துப் போயிற்று. பலகை மட்டும் முதல் நாளிலேயே நின்றது. இரண்டாம் நாள் யாருக்கும் தெரியவில்லை. வாரக் கடைசியில் பலகைக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு தம்ளர் பாதாமிப் பழச்சாற்றைக் குடித்து முடித்து, இன்னொன்று கேட்கிற அளவு நேரம் இருந்தது.

இரண்டில் ஒன்று தவறு என்று யாருக்கும் புரியும். எது தவறு என்பதிலும் சந்தைக்குச் சந்தேகம் வரவில்லை. பலகை கம்ப்யூட்டர், அதில் நேரம் எழுதியிருக்கிறது, ஹாஜ் தன் கண்ணால் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறார். அந்தப் பக்கம் இருந்தது அப்துல்பர் சாச்சா. சந்தைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், காது மந்தம், தன் குரலைப் பற்றி அளவுகடந்த கர்வம். கர்வம் காரணமாக ஒலிபெருக்கி முன்னால் இருமி, கனைத்து, தேன் நக்கித்தான் தொடங்குவார். விடியற்காலைச் சுபுஹுப் பாங்குக்கு அவர் தாமதமாக எழுந்த நாட்களும் உண்டு. போதாதா?

"தேன நக்கி முடிக்கறதுக்குள்ள நம்ம உசுரு போயிரும்."

"அவரு மொதல்ல சாப்பிட்டுட்டுத்தான்டா நமக்குப் பாங்கு சொல்றாரு."

தமியெத்தாவிலிருந்து வந்த ஒரு லாரிக்காரர், என் போனும் மோதினார் சொல்கிற நேரத்தைத்தான் காட்டுகிறது என்றார். உன் போனை எந்த ஊரில் வாங்கினாயோ அந்த ஊர் நேரத்தைக் காட்டும் என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். சீக்கிரம் சோறு கிடைக்கிற மேசை என்று பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் கூட்டம் வர ஆரம்பித்தது. நோன்பின் மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. எழுதியிருக்கிறதே என்பதுதான் அவர்கள் நியாயம்.

ஹாஜ், அப்துல்பர் சாச்சாவைக் கூப்பிட்டு எச்சரித்தார். பள்ளிவாசலை ஒட்டிய அறையில்தான் கிழவர் பல வருஷமாகக் குடியிருந்தார். மோதினார் வேலை போனால் அறையும் போகும். வேறு போக்கிடம் கிடையாது. அவர் போய்ப் புதுக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தெம்யானா ஸ்பீக்கர் கரகரப்பைச் சரிசெய்ய வந்திருந்தாள். கிழவர் கடிகாரப் பெட்டியோடு வந்து நின்றார்.

"பொண்ணே, இத உன் பலகைக்குச் சரியா வெச்சுக் குடு. நான் வயசாளி, எங்கயோ பிந்திப்போறேன். ஜனங்க பசியோட உக்காந்திருக்காங்க, பாவம் எனக்குத்தான்."

அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. தான்தான் தவறு என்று முழுதாக நம்பியிருந்தார். பலகையில் கடிகாரம் எதுவும் கிடையாது, நோன்பு திறக்க எவ்வளவு நேரம் மிச்சம் என்பதை மட்டும்தான் அது காட்டும். அந்த மிச்சம் தீரும்போது பள்ளிவாசல் அட்டவணையில் உள்ள மஃரிப், அதாவது அந்தித் தொழுகை நேரத்தைக் கடிகாரம் காட்டும்படி தெம்யானா முள்ளைத் திருப்பி, கிழவரின் கையிலேயே கட்டிவிட்டாள். தன் நிரலை அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் தெரியாது.

அன்று இரண்டு பாங்கும் ஒன்றாகக் கேட்டன. கிழவருக்கு ஆளாளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். தெம்யானா மகிழ்ச்சியோடு மைக்ரோபஸ் ஏறினாள். ஓட்டுநர் ஒரு கையில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ஏன் அண்ணே, பாங்கு சொல்லியாச்சே."

"சந்தையிலயா? அவங்க பெரிய மனுசங்க, முன்னாடியே தின்பாங்க. நான் ரேடியோக்காரன்."

சற்று நேரம் கழித்து ரேடியோவில் கெய்ரோப் பாங்கு வந்தது. சூரியன் கெய்ரோவில் போன பிறகுதான் தந்தாவில் போகும். தெம்யானா திரும்பிச் சந்தைப் பக்கம் பார்த்தாள். முழுச் சந்தையும் சாப்பிட்டு முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் இப்போது. போதாததற்கு அவள் கையாலேயே பள்ளிவாசலையும் கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

காலையில் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக நிரலைத் திறந்தாள். மெத்தடின் தலை மொட்டையாக இருந்தது. குறியைத் திரும்பப் போட்டுக் கருவியை ஓடவிட்டாள். இனி இந்த மெத்தட் கணக்கில் இல்லை என்று தெரிந்ததும் கருவி அந்த நெடுவரிசையை, அதிலிருந்த நேரத்தோடு சேர்த்து, அழித்துவிட்டது. அதுவும் அதன் குணம்தான். பலகை உடனே அன்றைய சரியான நேரத்துக்கு வந்தது.

மொந்தசர் வந்தார். அவள் காட்டினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றித் தழும்பைத் தடவினார்.

"அத்தன நாளுமா?"

"மொதல் நாளத் தவிர. நீங்களும் அந்த மேசையிலதான சாப்பிட்டீங்க?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் வழக்கமான முகம் திரும்பி வந்தது. "இங்க பாரு தெம்யானா. தெரியாம செஞ்சவங்கள அல்லாஹ் மன்னிப்பான். நாம சொல்லிட்டா அவங்களுக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்சுட்டா அத்தன நோன்பையும் களாவா மறுபடி பிடிக்கணும். இருநூறு பேரு வெயில்ல மூட்ட தூக்கறவங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே?"

"பலகை சரியாயிருச்சில்ல? விடு."

கிழவரின் கடிகாரம் சரியாகவில்லை என்பது அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் உறைத்தது. அவருக்கு போன் கிடையாது. ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். வற்புறுத்தி மொந்தசரையும் இழுத்துக்கொண்டாள். நோன்பு திறப்பதற்கு முந்தின நேரத்தில் தந்தாவின் சாலைகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தும் கிளம்பினார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் எங்கேயும் போகவில்லை.

சந்தைக்குள் நுழையும்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது. தேன் நக்கவில்லை, இருமவில்லை. புதுக் கடிகாரத்தின்படி நொடி தவறாமல், கிழவர் வாழ்நாளிலேயே மிக நன்றாகச் சொன்ன பாங்கு அது. மேசையில் பாதிப் பேர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள். அப்புறம்தான் யாரோ பலகையைப் பார்த்தார்கள். இன்னும் நேரம் இருக்கிறது என்றது பலகை.

நீட்டிய கைகள் எல்லாம் மேசை மேல் அப்படியே நின்றன. ஒரு சுமைதூக்கி வாயில் பழத்தோடு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"முந்தாநேத்து வரைக்கும் பிந்தினாரு. இன்னைக்கு முந்திட்டாரு."

"நம்ம நோன்ப முறிச்சுட்டாருய்யா மனுசன்."

அப்துல்பர் சாச்சா சிரித்த முகத்தோடு பள்ளிவாசல் படியிறங்கி வந்தார், பாராட்டு வாங்க. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹாஜ் அவர் காதருகே போய்க் கத்தினார்.

"பெருநாளோட நீ கிளம்பலாம். அறைச் சாவிய எங்கிட்ட குடுத்துரு."

கிழவர் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார். காது மந்தமான மனுஷன் அப்படிச் செய்ததைப் பார்க்க தெம்யானாவால் முடியவில்லை.

"ஹாஜ், அவரு மேல தப்பு இல்ல. பலகைதான் இத்தன நாளா முந்திச்சு. கடிகாரத்த அதப் பாத்து வெச்சது நான்."

ஹாஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பலகை முந்திச்சுன்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. இருந்த ஒரே கட்டத்தை அவளே காலையில் அழித்திருந்தாள். மொந்தசர் சூரியன் போகும் திசையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் லேப்டாப்பை மேசையின் ஓரத்தில், ஊறுகாய்க் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு, திறந்தாள். விலக்குக் குறியை எடுத்தாள், கட்டம் முளைத்தது, நேரம் அதில் ஏறி உட்கார்ந்தது. லேப்டாப்பின் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தாள். நேரம் அசையவில்லை. இன்னும் தள்ளினாள். அசையவில்லை. குறியைத் திரும்பப் போட்டாள், கட்டம் மறைந்தது, நேரம் சூரியனோடு சேர்ந்து நகர்ந்தது.

ஹாஜ் கிழங்கைச் சோதிக்கிறவர். அழுகல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில்.

"அந்தக் கட்டத்தப் போடச் சொன்னது யாரு?"

தெம்யானா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். ஹாஜுக்கே ஞாபகம் வந்தது. சட்டைப் பையில் முத்திரை இருந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"சரி. பெருநாள் முடியட்டும், நிதானமா அறிவிக்கலாம்," என்று குரலைத் தாழ்த்தினார். "இப்ப சொன்னா மேசைக்கு ஆள் வராது. கிழவருக்கு நான் வேற ஏதாச்சும் செய்யறேன்."

"அப்ப நான் சொல்றேன்," என்றாள் தெம்யானா. பலகையின் மைக் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "நிரல் எழுதினது நான்தான். என் பேரச் சொல்லியே சொல்றேன்."

அவள் மைக்கை எடுத்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் இருநூறு பசித்த முகங்களில் என்ன ஓடும் என்று அவளுக்குத் தெரியும். மொந்தசருக்கும் தெரியும். அதுவரை சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"நீ சொல்லாத. நீ சொன்னா இவங்க வேற மாதிரிப் பேசுவாங்க."

"வேற யாரும் சொல்ற மாதிரி தெரியலையே."

அவர் மைக்கை அவளிடமிருந்து வாங்கினார். "சகோதரர்களே," என்றார். "பலகையில ஒரு தொழில்நுட்பக் கோளாறு. நிரல்ல இருக்க வேண்டிய ஒரு குறி எடுக்கப்பட்டிருச்சு."

"யாரு எடுத்தது?" என்றாள் தெம்யானா, மைக்குக்குக் கேட்கிற அளவுக்கு.

மொந்தசர் கண்ணை மூடினார். "நான் எடுத்தேன். வேண்டாம்னு சொன்ன பொண்ண வயர் பாக்க அனுப்பிட்டு எடுத்தேன். மொதல் நாளுக்கு அப்புறம் நாம எல்லாரும் சூரியன் போறதுக்கு முன்னாடியேதான் சாப்பிட்டிருக்கோம். அப்துல்பர் சாச்சா ஒரு நாளும் பிந்தல. அவரு கடிகாரத்தக் கெடுத்ததும் நம்ம பலகைதான்."

அப்போது பலகை, யாரையும் பொருட்படுத்தாமல், சரியான நேரத்தில் பாங்கு சொன்னது. ஒருவரும் சாப்பிடவில்லை. கிழவர் பக்கத்திலிருந்தவனைத் தோளில் தட்டினார்.

"என்ன சொல்றாரு பாஷ்முஹந்திஸ்?"

"நீ பிந்தலையாம் சாச்சா," என்று அவன் காதில் கத்தினான். கன்னத்தில் பழத்தோடு இருந்தவன்தான் அவன்.

"அதத்தான நான் மொதல்லேருந்து சொல்லிட்டிருக்கேன்," என்றார் அப்துல்பர் சாச்சா. அவர் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. யாரும் திருத்தவில்லை. ஒரு கிழட்டு லாரிக்காரர் முதலில் ரொட்டியைப் பிய்த்தார், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். பசி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஹாஜ் அறைச் சாவியைக் கிழவரின் கையில் திருப்பி வைத்தார், சீட்டு எதுவும் இல்லாமல்.

பெருநாள் போனது. ஆபீஸில் மொந்தசர் தேநீரைத் தொடவில்லை. ஷவ்வால் மாதத்து உபரி நோன்பு என்று நினைத்துக் கீழே மொபைல் கடைக்காரர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். இளைஞர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கத்தையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள். அது ரமளானில் முறிந்த நோன்புகளின் கடன் என்று அந்தக் கட்டடத்தில் தெம்யானாவுக்கு மட்டும் தெரியும். ஹாஜ் அனுப்பிய நெய் பிஸ்கட் பெட்டி இருவர் மேசைக்கும் நடுவே பிரிக்கப்படாமல் கிடந்தது. அவர் நோன்பில், அவளுக்குத் தவக்காலம், நெய் ஆகாது.

அன்று ஹாஜிடமிருந்து போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார் மொந்தசர்.

"பாஷ்முஹந்திஸ், அடுத்த வருஷத்துக்கும் நீங்கதான். ஒரே ஒரு விஷயம். அந்த நேரத்த எங்கயாவது ஓரமா, சும்மா பார்வைக்கு, எழுதி வெக்க முடியாதா?"

மொந்தசர் தெம்யானாவைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்தபடி.

"முடியாது ஹாஜ்," என்றார். அந்த வார்த்தையை ஹாஜிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மொந்தசர் நிரலில் ஒரு சிறு மாற்றத்தைச் சரிபார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பினார். எதுவும் மாறவில்லை; விலக்குக் குறிக்கு மேலே இரண்டு வரிக் குறிப்பு மட்டும் புதிதாக இருந்தது. அவள் படித்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒப்புதல் கொடுத்தாள்.

'இந்தக் குறியை எடுப்பதற்கு முன் மோதினார் அப்துல்பர் அவர்களிடம் கேட்கவும். அவருக்குக் காது மந்தம்; எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்கவும்.'